அடுத்தவர் நிரப்பிய தோட்டா

அடுத்தவர் கையால் நிரப்பிய தோட்டாவை நான் என் துப்பாக்கியில் போட்டுச் சுடுவதில்லை. அவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி, என்னைவிட முப்பது வருடம் அனுபவம் கூடியவராக இருந்தாலும் சரி. கைக்கு வந்தால் பிரிப்பேன். குண்டையும் பித்தளையையும் வைத்துக்கொள்வேன், உள்ளே இருந்த வெடிமருந்தை அப்புறப்படுத்திவிடுவேன். இது நான் கண்டுபிடித்த விதி இல்லை. ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் வேலை, செய்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் சொல்கிறவர்களிலேயே பலருக்கு, பிரித்த மருந்து வெள்ளைக் கிண்ணத்தில் பளபளவென்று கிடக்கும்போது கொட்ட மனசு வராது. "நல்லாத்தானே இருக்கு, இதைப் போய் ஏன் வீணாக்கணும்?" என்று தோன்றும். தோட்டா பிரிக்கும் வேலையில் கோளாறு பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் போன இலையுதிர் காலத்தில் முதியோர் இல்லத்துக்குப் போனார். மான் வேட்டைக்காரர். துப்பாக்கிகளை அவர் மகன் எடுத்துக்கொண்டான். அடித்தளத்தில் இருந்த தோட்டாக்களை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. காபி டின்கள், பழைய பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு சிகார் பெட்டி. பெரும்பாலும் .30-06 என்ற ரைஃபிள் தோட்டா, கொஞ்சம் .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா, ஏறக்குறைய எல்லாம் அவரே நிரப்பியவை. நான் இதில் ஈடுபாடு உள்ளவன் என்று தெரிந்து, காரில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கராஜ் வாசலில் இறக்கிவிட்டான். "அதையெல்லாம் உள்ளே கொண்டு வரப் போறீங்களா?" என்றாள் மனைவி. கேள்வி இல்லை அது.

தமிழில் இதைப் படிப்பவர்களுக்குச் சட்ட விஷயம் இரண்டு சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; விற்பதற்கு நிரப்பினால் தேவை. ஆனால் எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நண்பர் வீட்டில் ஒரு டப்பாவை வாங்கி வைத்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று நினைக்கும் நம் பையன்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் கேட்கவே வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கே இருப்பவர்கள் இந்தப் பதிவை வேடிக்கை பார்க்க மட்டும் படிக்கவும்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். நான்கே உறுப்புகள். கேஸ் என்ற பித்தளைக் கூடு, அதன் அடியில் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு கேஸ் அப்படியே கிடைக்கும். அதைச் சுத்தம் செய்து, அளவுக்கு அழுத்தி, புது பிரைமர் வைத்து, மருந்தை அளந்து போட்டு, குண்டைச் செருகினால் மறுபடி தோட்டா. மருந்தைக் கிரெய்ன் கணக்கில் அளப்பார்கள். ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன், அதாவது ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றது புரியும்.

.38 ஸ்பெஷல் 1898 வாக்கில் வந்தது. முதலில் பழைய காலத்துக் கருமருந்துக்காக அமைந்த கேஸ் என்பதால் உள்ளே இடம் தாராளம். இலக்குச் சுடுவதற்கு இதில் காலங்காலமாக எல்லோரும் போடுவது 148 கிரெய்ன் ஈயக் குண்டு, புல்ஸ்ஐ மருந்து 2.7 கிரெய்ன். கிராமில் சொன்னால் 0.175. கேஸுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு தடவை போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டாலும் வழியாது, குண்டும் தடையில்லாமல் உட்காரும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தத் தோட்டாவுக்கு நிர்ணயித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்ட். இரண்டு மடங்கு மருந்து போட்டால் அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது, எகிறிவிடும். பழைய ரிவால்வரின் சிலிண்டர் பிளந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் தராசில் போட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பார்கள். என் மகனும் கேட்டான். கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கும் யோசனை இது. பல கம்பெனிக் கேஸ்கள் கலந்து கிடக்கும்போது கேஸுக்குக் கேஸ் சில கிரெய்ன் வித்தியாசம் வரும். வீட்டில் வார்த்த ஈயக் குண்டிலும் ஒரு கிரெய்ன் கூடக் குறைய இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் 2.7 கிரெய்ன் எங்கே தெரியப் போகிறது? கனமாக இருக்கும் ஒன்று உண்மையிலேயே இரட்டை மருந்தாக இருக்கலாம், கனமான கேஸாகவும் இருக்கலாம். லேசானது மருந்தே இல்லாததாகவும் இருக்கலாம். மருந்து இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தால் குண்டு குழலின் நடுவில் போய் நிற்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது கிழியும். ஒரு பெட்டியில் ஒன்றின் மேல் சந்தேகம் என்றால் பெட்டி முழுவதையும் பிரிப்பதுதான் வழி.

பெரியவரின் .30-06 பெட்டிகளில் லேபிள் இருந்தது. மஞ்சளாகிப்போன ஒட்டுத்தாளில் பென்சிலால், நல்ல கையெழுத்தில், "180 – 4831 – 58". 180 கிரெய்ன் குண்டு, 58 கிரெய்ன் 4831 மருந்து. ஒழுங்கான மனிதர். லேபிளைப் பார்த்தால் நம்பச் சொல்கிறது. ஆனால் எந்த 4831?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் மலைமலையாக மருந்து மிச்சம் கிடந்தது. கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை வாங்கி ரீலோடிங் செய்பவர்களுக்கு மலிவாக விற்றார். இன்றைக்கும் இருக்கும் ஹாட்ஜ்டன் கம்பெனி அப்படித்தான் கிளம்பியது. அவர் விற்ற 4831, இருபது மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாக்களைப் பிரித்து எடுத்த மருந்து. மூன்று தலைமுறை அமெரிக்க வேட்டைக்காரர்கள் கொண்டாடும் ஒரு மருந்தே தோட்டா பிரித்த வேலையில் வந்ததுதான் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 1970களில் டூபாண்ட் கம்பெனி ஐஎம்ஆர் 4831 என்று தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது. எண் ஒன்றுதான், ஆனால் அது ஹாட்ஜ்டனுடையதைவிட வேகமாக எரியும். ஹாட்ஜ்டனுடையதன் உச்ச அளவை ஐஎம்ஆரில் போட்டால் அழுத்தம் வரம்பு மீறக்கூடும். .30-06க்கு அந்த வரம்பு 60,000. பெரியவர் ஹாட்ஜ்டனைக் குறிக்கும் எச் என்றும் எழுதவில்லை, ஐஎம்ஆர் என்றும் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும், அலமாரியில் இருந்தது ஒரே டின்னாக இருந்திருக்கும். இப்போது போய்க் கேட்டால் அவர் என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார்.

பார்த்து அடையாளம் கண்டுபிடிக்க முடியாதா? முடியாது. 4831, 4895, 4350 எல்லாம் ஒரே மாதிரி கருஞ்சாம்பல் குச்சிகள், நறுக்கிப் போட்ட பென்சில் லெட் மாதிரி. ரெட் டாட்டில் சிவப்புத் துணுக்குகள் கலந்திருக்கும், கிரீன் டாட்டில் பச்சை, புளூ டாட்டில் நீலம். ஆனால் சிவப்புத் துணுக்கைப் பார்த்து "ஆகா, ரெட் டாட்" என்று அளந்து போடுகிறவருக்கு, அதற்குள் வேறு எது கலந்திருக்கிறது என்று யார் சொல்வது?

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். என் ரீலோடிங் மேசை அடித்தளத்தில் இருக்கிறது. பிரிக்கும் வேலையை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளவில்லை, கராஜுக்குக் கொண்டுபோனேன். அடித்தளத்தில் தண்ணீர் சூடாக்கும் கேஸ் டாங்க் இருக்கிறது, அதன் அடியில் சின்ன நீல ஜுவாலை ஓயாமல் எரியும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து பெட்ரோல் மாதிரி ஆவியாகப் பரவி தீயைத் தேடிப் போகாது என்பது உண்மைதான். இருந்தாலும் தரையில் மருந்து சிந்தும் வேலைக்கும் எரியும் தீக்கும் ஒரே அறை வேண்டாம் என்று எனக்குப் பட்டது. கராஜில் வெறும் சிமெண்ட் தரை, கதவைப் பாதி தூக்கி விட்டால் காற்று. குளிர்தான் பிரச்சினை.

மேசையில் இருப்பது இவ்வளவுதான்: பிரிக்க வேண்டிய ஒரு பெட்டி, கருவி, குண்டுக்கு ஒரு டப்பா, கேஸுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. வேறு மருந்து டின் திறந்த நிலையில் பக்கத்தில் இருக்கக் கூடாது. புது பிரைமர் பெட்டியும் கூடாது. ஒரு பெட்டி முடிந்து, எல்லாம் துடைத்த பிறகே அடுத்தது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், காதடைப்பானும் கட்டாயம். டீ டம்ளர் கிடையாது. பிரைமரில் ஈய ஸ்டைஃப்னேட் இருக்கிறது, பழைய குண்டில் ஈயப் பொடி இருக்கிறது. எழுந்து போய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வாயில் எதையும் வைக்க வேண்டும்.

சிந்திய மருந்தை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவே கூடாது. மோட்டாரில் பொறி பறக்கும், தூசிப் பை நிறைய எரியும் பொருள் இருக்கும். துடைப்பமும் முறமும்தான்.

கருவியில் இரண்டு வகை. சுத்தியல் வகை எல்லோரிடமும் இருக்கும். பிளாஸ்டிக் தலை உள்ள சுத்தியல், உள்ளே வெற்றிடம், பின்பக்கம் திருகு மூடி. மூன்று துண்டாக உள்ள ஒரு உலோகப் பிடிப்பான், ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டியது, தோட்டாவின் அடிப்பக்க விளிம்பைக் கவ்விக்கொள்ளும். குண்டு சுத்தியலின் உள்ளே பார்த்து இருக்க, மூடியைத் திருகிவிட்டு, ஓங்கித் தரையில் தட்ட வேண்டும். சுத்தியல் நிற்கும், கேஸும் அதோடு நிற்கும், குண்டு நிற்காமல் போகப் பார்க்கும். இரண்டு மூன்று தட்டில் வாயை விட்டு வெளியே வந்து, மருந்தோடு சேர்ந்து சுத்தியலின் வயிற்றில் விழும்.

180 கிரெய்ன் குண்டு கனம் என்பதால் சீக்கிரம் வரும். .223இல் போடும் 55 கிரெய்ன் குண்டு அடம் பிடிக்கும், கை வலிக்கும் வரை தட்ட வேண்டும். சுத்தியலின் அடியில் நுரைக் காதடைப்பான் ஒன்றைத் திணித்து வைத்தால் குண்டின் மூக்கு நசுங்காது. இது யாரோ சொல்லிக் கொடுத்தது, விலை ஐந்து சென்ட் இருக்கும், பிரமாதமாக வேலை செய்கிறது. தட்டுவதற்கு நான் வைத்திருப்பது ஓக் மரக்கட்டை, நார் மேலே பார்த்து நிற்கும்படி வெட்டியது. படுக்கை வாட்டில் உள்ள பலகை அடியை விழுங்கிவிடும், குண்டு நகராது. சிமெண்டில் தட்டினால் நன்றாக வரும், ஆனால் சுத்தியல் தலை சீக்கிரம் விரிசல் விடும். விரிசல் விட்டதைத் தூர எறிய வேண்டும்.

சத்தத்தைக் கேட்டுப் பழக வேண்டும். முதல் தட்டில் மொத்தென்று ஒரே சத்தம். குண்டு நகர ஆரம்பித்தால் கூடவே ஒரு லேசான சலசலப்பு சேரும், மருந்து உள்ளே குலுங்குவது. அப்போது நிறுத்திப் பார்த்தால் குண்டு பாதி வந்திருக்கும். அதற்கு மேல் ஓங்க வேண்டியதில்லை, ஒரு சின்னத் தட்டு போதும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே அடியில் எடுக்கப் பார்ப்பவர்கள்தான் மருந்தைக் கராஜ் முழுக்க இறைக்கிறார்கள்.

இந்தச் சுத்தியலில் ஒருபோதும் போடக் கூடாதது .22 ரிம்ஃபயர். அதில் தனியாகப் பிரைமர் கிடையாது, வெடிக்கும் கலவை விளிம்பின் மடிப்புக்குள்ளேயே பூசியிருக்கும். பிடிப்பான் கவ்வுவதும் அந்த விளிம்பைத்தான். கவ்விய இடத்தில் அடி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கத் தேவையில்லை. கருவியோடு வரும் தாளிலேயே போடாதே என்று அச்சிட்டிருப்பார்கள்.

இன்னொன்று, மூன்று துண்டுப் பிடிப்பானை ஒவ்வொரு முறையும் மாட்டுவது தொல்லை என்று, தோட்டா நிரப்பும் நெம்புகோல் இயந்திரமான பிரஸ்ஸில் கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைக் கழற்றிச் சுத்தியலில் செருகிக்கொள்கிறவர்கள் உண்டு. வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷெல் ஹோல்டர் தோட்டாவைப் பிரஸ்ஸில் மெதுவாக இழுப்பதற்குச் செய்தது, அடி வாங்குவதற்கு இல்லை. பிரைமர் கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும் தோட்டா ஒன்று அதில் கோணலாக உட்கார்ந்து அடி வாங்கினால்? தோட்டாவைப் பிரிப்பதற்குக் காரணமே பல சமயம் பிரைமர் சரியாக உட்காராததுதான். கருவியோடு வந்ததைத் தவிர வேறு எதையும் நான் செருகுவதில்லை. வைஸில் கேஸைப் பிடித்து, பிளையரால் குண்டைத் திருகி இழுப்பதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது, ஆனால் செய்கிறார்கள்.

இரண்டாவது வகை காலெட் புல்லர். கேஸை அளவுக்கு அழுத்தும் அச்சான டை மாதிரி பிரஸ்ஸின் மேலே திருகிக்கொள்ள வேண்டும். தோட்டாவை ஷெல் ஹோல்டரில் வைத்து உயர்த்தினால் குண்டு காலெட்டுக்குள் போகும், மேலே உள்ள பிடியை இறுக்கினால் கவ்வும், பிரஸ்ஸை இறக்கினால் கேஸ் கீழே வரும், குண்டு மேலேயே நிற்கும். அடியே இல்லை. மருந்து கேஸுக்குள்ளேயே அசையாமல் இருக்கும். நிறையப் பிரிக்க வேண்டியிருந்தால் இதற்கு ஈடு கிடையாது. ஒவ்வொரு விட்டத்துக்கும் தனிக் காலெட் வாங்க வேண்டும், அது செலவு. பிடிக்க இடமில்லாத குட்டைக் குண்டுகளுக்கும் மெத்தென்ற ஈயக் குண்டுகளுக்கும் ஆகாது. .30-06 எல்லாவற்றையும் இதிலும், .38 எல்லாவற்றையும் சுத்தியலிலும் பிரித்தேன்.

பழைய தோட்டாக்களில் குண்டும் பித்தளைக் கழுத்தும் வருடக்கணக்கில் ஒட்டிப்போய் இறுகிக் கிடக்கும். இழுத்தால் வராது. குண்டு செருகும் டையில் ஒரு நூல் அளவு உள்ளே தள்ளினால் சின்னதாக 'டிக்' என்று ஒரு சத்தம். பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டாலும் பலம் காட்டக் கூடாது; தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

இனி மருந்து. சுத்தியலில் இருந்து கொட்டியதைக் குண்டிலிருந்து பிரிக்க, டீ வடிகட்டி நல்ல கருவி. எங்கள் வீட்டில் எவர்சில்வர் வடிகட்டி இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த மனைவி, "போனது போனதுதான், திருப்பிக் கொண்டாந்து வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். பிளாஸ்டிக் வடிகட்டியைவிட உலோகம் மேல். குளிர்காலத்தில் இங்கே காற்று வறண்டு, கதவுப் பிடியைத் தொட்டாலே சுரீர் என்கும். புகையில்லா மருந்தின் மேல் கிராஃபைட் பூச்சு இருக்கும், அது மின்னேற்றம் தேங்காமல் பார்த்துக்கொள்ளும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மருந்து என்றால் சிவகாசிதான் ஞாபகம் வரும். கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த கருமருந்து திறந்த வெளியிலேயே குபீரென்று போய்விடும். புகையில்லா மருந்து வேறு சாதி. 1884இல் பிரான்ஸில் பால் வியே செய்து காட்டியதில் தொடங்கியது. நைட்ரோசெல்லுலோஸ், சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். அடைபட்ட இடத்தில் பற்றினால்தான் அதன் சுபாவம் தெரியும். திறந்த தட்டில் சீறிக்கொண்டு எரிந்து முடிந்துவிடும். இதனால்தான் பிரித்த மருந்தைக் கெட்டியான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலிலோ இரும்பு டப்பாவிலோ சேர்த்து வைக்கக் கூடாது. தப்பித் தவறிப் பற்றினால் டப்பாவே வெடிகுண்டாகிவிடும். நான் வாய் அகன்ற அட்டைக் கிண்ணத்தில் சேர்த்து, அன்றன்றைக்கே தீர்த்துவிட்டேன்.

பெட்டிகளில் ஒன்று மட்டும் மோசம். முதல் குண்டை எடுத்ததுமே மூக்கில் ஏறியது, புளித்த காட்டமான நெடி. நல்ல மருந்துக்கும் வாசனை உண்டு, நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி, அதில் பயமில்லை. இது அமிலம். குண்டின் அடியில் பச்சைப் பாசி, கேஸின் உள்சுவரிலும் பச்சை, மருந்தில் செம்மண் நிறத்தில் தூசி. நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்ல மெல்லச் சிதையும் பொருள். வெளிப்படும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை விழுங்குவதற்காகத்தான் டைஃபினைலமின் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோனால் அமிலம் தன் வேலையைக் காட்டும். இப்படிப்பட்ட மருந்து அதிகம் குவிந்து கிடந்தால் தானே சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும். அந்தப் பெட்டியின் கழுத்துகளும் முடிபோல் கீறல் விட்டிருந்தன. குண்டைத் தவிர எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

நல்ல மருந்தையும் சேர்த்துத்தான் கொட்டினேன். புல்தரையில் கைப்பிடி கைப்பிடியாக மெல்லியதாகத் தூவிவிட்டு, மழைக்கு முந்தின நாளாகப் பார்த்துக்கொண்டால் போதும். நைட்ரஜன் இருப்பதால் புல்லுக்கு உரம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் புல் ஒன்றும் ஓகோவென்று வளர்ந்துவிடவில்லை. நாய் இருக்கும் வீட்டில் தூவக் கூடாது, நக்கினால் நஞ்சு. எரிப்பதானால் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான சாமி (SAAMI) சொல்லும் முறை இருக்கிறது: கட்டடங்களை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில், ஓர் அங்குலத்துக்கு மேல் உயரமில்லாத பரப்பாக, ஒரு பவுண்டுக்கு மிகாமல், மெதுவாக எரியும் திரி வைத்து, விலகிப் போன பிறகு பற்றும்படி. புறநகரில் இதைச் செய்தால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்.

மகனுக்கு இது பொறுக்கவில்லை. "அப்பா, ஒரு பவுண்ட் மருந்து இப்ப நாற்பது ஐம்பது டாலர்" என்றான். சரிதான், விலை ஏறித்தான் கிடக்கிறது. நானே நிரப்பியது, என் நோட்டில் எந்த டின், என்றைக்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, அந்த டின் இன்னும் அலமாரியில் இருக்கிறது என்றால் திருப்பிப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குண்டை ஆழமாகச் செருகிவிட்ட பெட்டி ஒன்றை அப்படித்தான் செய்திருக்கிறேன். அடுத்தவர் லேபிளுக்கு அந்த மரியாதை கிடையாது. ஐம்பது டாலருக்காக முகத்துக்கு எட்டு அங்குலம் முன்னால் 60,000 பவுண்ட் அழுத்தத்தில் ஜோசியம் பார்க்க நான் தயாராக இல்லை.

மிச்சம் பித்தளை, அதில் உயிருள்ள, அதாவது இன்னும் வெடிக்காத, பிரைமர். அனுபவசாலிகளே ஒத்துப்போகாத இடம் இதுதான். சிலர் டையில் போட்டு மெதுவாக அழுத்தி வெளியே தள்ளிவிடுவார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றொன்றாக, நெம்புகோலை வெண்ணெய் வெட்டுவதுபோல் இறக்கினால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. எனக்குப் 'பெரும்பாலும்' போதாது. வெளியே வந்த பிரைமர்கள் ஒரு டப்பாவில் குவிந்து கிடப்பதும் பிடிக்காது, ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்துகொள்ளும். எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பார்கள். நம்பக் கூடாது, தண்ணீரில் ஊறியதும் காய்ந்த பிறகு வெடிக்கலாம்.

நான் செய்தது இது. நல்ல நிலையில் இருந்த .30-06 கேஸ்களில் பிரைமரைத் தொடவே இல்லை. டையில் உள்ள பிரைமர் தள்ளும் ஊசியைக் கழற்றிவிட்டு, கழுத்தை மட்டும் அளவுக்கு அழுத்தி, பயிற்சிக்கு மிதமான அளவில் என் மருந்தைப் போட்டு நிரப்பினேன். சந்தேகமானவற்றைச் சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்கு எடுத்துப்போய், வெறும் பிரைமரோடு துப்பாக்கியில் போட்டுச் சுட்டுத் தீர்த்தேன். காதடைப்பான் இல்லாமல் செய்யக் கூடாத அளவுக்குச் சத்தம் வரும். .38 ரிவால்வரில் இதைச் செய்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மருந்தின் அழுத்தம் இல்லாததால் கேஸ் பின்னால் போய் பிரைமரை அழுத்தி உட்கார வைக்காது. பிரைமர் பிதுங்கிக்கொண்டு நிற்கும், சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். சிலிண்டரில் ஒன்று மட்டும் போட்டுச் சுடுவது உத்தமம்.

பிரித்தவற்றில் பெரியவர் நிரப்பாத ராணுவத் தோட்டாக்கள் சிலவும் கலந்திருந்தன; அவற்றின் கேஸ் அடியில் எஃப்ஏ என்ற முத்திரை இருந்தது. பிலடெல்பியாவில் இருந்த ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலை, 1977இல் மூடிய அரசுத் தொழிற்சாலை. என் சுத்தியலின் பிராண்டும் அதே பெயர்தான். ராணுவக் கேஸ்களில் பிரைமரைச் சுற்றி பித்தளையை அழுத்தி நசுக்கிப் பூட்டியிருப்பார்கள், இயந்திரத் துப்பாக்கியில் கழன்று வராமல் இருக்க. அந்தப் பூட்டை மீறிப் பிரைமரைத் தள்ள நிறைய அழுத்தம் வேண்டும். உயிருள்ள பிரைமரில் அந்த வேலை ஆகாது. அவற்றையும் முதலில் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் பிரைமரைத் தள்ளினேன்.

காபி டின்னின் அடியில் பெரியவர் நிரப்பாதவை இன்னும் சில கிடந்தன. மூக்கில் ஆரஞ்சு வண்ணம் பூசிய தோட்டாக்கள், போகும் பாதை தெரிய ஒளிவிட்டுப் பறக்கும் டிரேசர். அவற்றின் குண்டுக்குள்ளேயே எரியும் கலவை இருக்கிறது. நீலம் என்றால் தீமூட்டும் வகை. நிறம் மங்கி, சுரண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தால் சுரண்டவே வேண்டாம். மூக்கில் ஏதாவது வண்ணம் தெரிந்தால் சுத்தியலும் கிடையாது, காலெட்டும் கிடையாது. குப்பைத் தொட்டியும் கிடையாது. லாரியில் அழுத்தும்போதோ எரிக்கும் இடத்திலோ யாரோ ஒரு தொழிலாளி நிற்பார். துப்பாக்கிக்கு வெளியே சூடுபட்டு வெடிக்கும் தோட்டாவில் குண்டு பெரிதாகப் பறக்காது, பித்தளைச் சில்லுகள் பறக்கும், கண்ணுக்கு அது போதும்.

எங்கள் டவுன்ஷிப் போலீஸின் சாதாரண எண்ணுக்குப் போன் செய்தேன், அவசர எண்ணான 911க்கு அல்ல. எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் நடந்து வராதீர்கள், காரிலேயே இருக்கட்டும், உள்ளே வந்து சொல்லுங்கள் என்றார்கள். அப்படியே செய்தேன். டிரேசர், பெரியவரின் பழைய .22 டப்பா, இழுத்தும் வராத நாலைந்து .30-06 எல்லாவற்றையும் ஒரு பெண் அதிகாரி வந்து வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். பெரியவர் மகனின் போன் எண்ணையும் கேட்டார். துப்பாக்கிகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். கொடுத்துவிட்டு, வரும் வழியில் அவனுக்கும் சொல்லிவிட்டேன். குண்டுகள் அவனுக்கு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றான். 180 கிரெய்ன் குண்டுகளைத் துடைத்து, எடை வாரியாகப் பிரித்து, லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன்.